மாவிலை கிடைக்காத சித்திரை

டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் வீட்டுத் தோட்டங்களுக்கு மரம் நட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. மரம் நன்றாக இருக்கும்வரை இந்தத் தொழிலில் யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். ஒரு செடியையாவது நட்டுப் பறிகொடுத்த சகபாவிகளுக்கு இது புரியும். டெலிகாம் வேலை போனபின் இதில் இறங்கினேன். நான் அதிகம் விற்பது லைவ் ஓக், வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் மரம். அப்படிச் சொல்லித்தான் ஈரோட்டுக்காரரான செந்தில் வீட்டு முன்னால் ஒன்றை நட்டேன்.

மார்ச் மொட்டை

அடுத்த மார்ச்சில் செந்தில் பதறிக்கொண்டு போன் செய்தார். மரம் பாதிக்குமேல் இலையைக் கொட்டிவிட்டதாம். லைவ் ஓக் வசந்தத்தில்தான் பழைய இலையை உதிர்க்கும், பின்னாலேயே தளிர் வந்துவிடும். இதை நடும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆர்டர் கைநழுவிப் போகுமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க பாய், எவர்க்ரீன்னு சொல்லித்தானே வித்தீங்க?"

அணைத்த மண்

பிறகு பாசம் அதிகமாகிவிட்டது. அடிமரத்தைச் சுற்றி முழங்கால் உயரம் மண் அணைத்து, பாத்தி கட்டி, தினமும் தண்ணீர் விட்டார். இப்படிச் செய்தால் ஓக் அழுகிவிடும். ஒரு சனிக்கிழமை முழுக்க நானே உட்கார்ந்து மண்ணை விலக்கினேன். அவர் கைகட்டி நின்று பார்த்தார்.

"எங்கூர்ல வாழைக்கு இப்படித்தானுங்க பண்ணுவோம், ஒருநாளும் கம்ப்ளெயின்ட் வந்ததில்லை."

இரண்டு கிளை

பத்து வருஷத்தில் மரம் கூரையைத் தாண்டியது. சித்திரை முதல் நாளன்று செந்தில் கூப்பிட்டார். இந்தியன் ஸ்டோரில் மாவிலை தீர்ந்துவிட்டது, தோரணத்துக்கு ஓக்கில் இரண்டு கிளை வெட்டிக்கொள்ளலாமா என்றார். வசந்தத்தில் ஓக்கை வெட்டவே கூடாது. பச்சைக் காயத்துக்கு வண்டு வரும், அதோடு நோய் வரும். எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஃப்ரீவேயில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், நல்ல நாளில் மறுக்கவும் சங்கடம். "ரெண்டுதானே, வெட்டிக்கோங்க" என்றேன். சாயங்காலம் போட்டோ அனுப்பி, கூடவே எழுதியிருந்தார்.

"மாவிலை மாதிரியே இருக்குதுங்க பாய், மினி சைஸ்ல!"

பக்கத்து வீடு

ஆகஸ்டில் செந்தில் மரத்தின் இலை நரம்புகள் பழுப்பாயின. லேபில் ஓக் வில்ட் என்றார்கள், வண்டு கொண்டுவரும் அதே வாடல் நோய். இந்த நோய் மண்ணுக்கடியில் வேர்வழியாக அடுத்த மரத்துக்குப் போகும். அடுத்த மரம் பக்கத்து வீட்டு மார்த்தா ஆன்ட்டியுடையது. அவர் கணவர் நட்டது. இறந்தபின் கணவருடைய அஸ்தியையும் அதன் அடியில்தான் தூவியிருக்கிறார்கள். அந்த மரத்துக்கும் மருந்து ஏற்றிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆன்ட்டியின் மரமும் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது.

கிளையை வெட்டச் சொன்னது நான்தான் என்ற உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்.

"உன்னை மாதிரி ஒருத்தர் முன்னாடியே பக்கத்தில் இருந்திருந்தால் என் மரம் பிழைத்திருக்கும்."

இந்தத் தொழிலில் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். உண்மையைச் சொல்லி அதையும் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.