மரத்துப்போன பல்

அக்கா வீட்டுக்காரர் கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஓடும் மினி பஸ்ஸில் கண்டக்டர். கணீரென்ற குரல். சந்தை நாளில் தினை மூட்டையோடு ஏறும் மலைக்காரப் பெண்கள், வழியெல்லாம் அவரோடு வம்பளந்தபடியே வருவார்கள்.

போன வருஷம் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது.

"பல்லு டாக்டருகிட்ட காட்டிக்கினு வந்துடலாங்க" என்றாள் அக்கா.

"ஒரு கிராம்பு போட்டா போச்சு. இதுக்கு இன்னாத்துக்கு லீவு?"

உண்மையிலேயே போய்விட்டது. கிராம்பைக் கடித்ததும் அந்த இடம் மரத்துவிடும். வலி திரும்ப வந்தால் இன்னொரு கிராம்பு. பஸ்ஸில் யாராவது பல்வலி என்றால் சட்டைப் பையிலிருந்து அவர்களுக்கும் எடுத்துக் கொடுப்பார். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். குருமாவுக்குப் போடுகிற பொருள், அதில் என்ன கெடுதல் வரப்போகிறது?

மழைக்காலத்தில் கிராம்புக்கு வலி கேட்கவில்லை. நாட்டுமருந்துக் கடையில் கிராம்பு எண்ணெய் வாங்கி, பஞ்சில் நனைத்து அப்படியே அழுத்தி வைத்தார். அந்த எண்ணெய் எவ்வளவு காரமானது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஈறு வெந்து வெள்ளையாக உரிந்தது. ஆனால் வலி அடங்கியது. அவர் அதைத்தான் பார்த்தார்.

ஒருநாள் காலையில் தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலோடு எழுந்தார். வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில்கூட இறங்கவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள்.

"பல்லு வேர்ல சீழ் பிடிச்சிருக்கு. கிராம்பு வலியை மறைக்கும், சீழை ஆத்தாது. முதல்லயே வந்திருந்தா பல்லையே காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர், கோபமில்லாமல்.



பிறகு தாடை எலும்பிலும் கொஞ்சம் எடுக்கவேண்டி வந்தது. பிழைத்துக்கொண்டார். பேச்சுதான் குழறிப்போயிற்று. வேலைக்குத் திரும்பினார். பஸ் நிற்கும் ஊர்ப் பெயரை அவர் சொல்லச் சொல்ல, "இன்னாண்ணா?" என்று ஜனங்கள் மறுபடி மறுபடி கேட்டார்கள். கண்டக்டர் வேலையிலிருந்து அவராகவே நின்றுகொண்டார். இப்போது பஸ் ஷெட்டில் வண்டி கழுவுகிறார்.

பொங்கலுக்குப் போயிருந்தேன். எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, அவருக்கு மட்டும் அக்கா சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தபடியே, எனக்குப் புரியவேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"வலிச்சிக்கினே இருந்திருந்தா டாக்டருகிட்ட போயிருப்பேம்மா. வலிக்கல. அதான்."

"சாப்பிடுங்க மாமா" என்றேன்.