ஆராயி பேரில் ஒரு வலை

ஆராயியைப் பற்றிப் பேச்சு வந்தால் எடுத்த எடுப்பிலேயே "பாவம்" என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு எரிச்சல் வந்துவிடும். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மேட்டூர் அணைத் தண்ணீரில் அவள் புருஷன் மாதையன் வலை விட, பரிசலின் மறுபக்கம் உட்கார்ந்து இவள் துடுப்புப் போடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் பிழைப்பு. காற்று அடித்தால் பரிசல் தன்பாட்டுக்குச் சுற்றும். அதை ஒருத்தர் பிடித்து நிறுத்தினால்தான் இன்னொருத்தர் வலையை விட முடியும். ஆனால் எங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் வலை விடுகிற ஆளுக்குத்தான் அனுமதி, அவர் பேரில்தான் மீனை எடை போடுவார்கள். துடுப்புப் போடுகிற பெண்டாட்டி பரிசலோடு சேர்ந்த சாமான்.

போன வருஷம் ஆடியில் மாதையனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நாக்கும் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரெண்டு நாள்கூட ஆகவில்லை, அவர் தம்பி பச்சமுத்து வந்து நின்றான்.

"அண்ணன் அனுமதிய எம் பேருக்கு மாத்திரலாம் அண்ணி. ஊட்டுக்கு வேண்டியத நான் பாத்துக்கறனுங்க."

அவன் பார்த்துக்கொள்கிற லட்சணம் ஊருக்கே தெரியும். பெற்ற தாய்க்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தவன் இல்லை. அனுமதி அவன் கைக்குப் போனால் ஆராயி அந்தத் தண்ணீரில் இறங்கவே முடியாது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

சங்கத்துக்குப் போய், "எம் பேருக்கே மாத்திக் குடுங்க" என்று கேட்டாள். தலைவர் சிரித்தார்.

"பொம்பள வலை விட்டு எங்கம்மா பாத்திருக்கறோம்? அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம், போ."

அடுத்த கூட்டம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு தடவையும் புருஷனுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டு, வெயிலில் நடந்து போய்ச் சங்கத்து வாசலில் உட்கார்ந்திருப்பாள். மற்ற நாளெல்லாம் அணைக்கட்டு ரோட்டு மீன் கடையில் என்னோடு மீன் கழுவுவாள். கழுவும்போதே கண் சொருகும். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கே உடம்பு வலிக்கும்.

நடுவில், பெண்களைச் சொந்தக் காலில் நிற்க வைக்கப்போவதாகச் சொல்லி, சேலத்தில் பணக்காரர்கள் குடியிருக்கிற ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். மீன் ஊறுகாய் போடக் கற்றுக்கொடுத்தார், ஆளுக்கொரு பாட்டில் கொடுத்துப் போட்டோ எடுத்தார். ஆராயி மெதுவாக எழுந்து, "ஊறுகா நல்லாருக்குதுங்க. ஆனா நான் வலை விடோணுங்க" என்றாள். அந்த அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் காரில் ஏறிப் போய்விட்டார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. இந்த ஆடி கழிந்து நடந்த கூட்டத்துக்கு மாதையனையே கூட்டி வரச் சொன்னார்கள். ஆராயியும் நானும் அவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் உட்கார வைத்தோம். பச்சமுத்து சலவை வேட்டியோடு முன்வரிசையில் இருந்தான்.

"யார் பேருக்கு மாத்தறதுன்னு நீயே சொல்லிரு மாதையா" என்றார் தலைவர்.

மாதையன் வாயை இழுத்து இழுத்துச் சொன்னார். "தம்பி பேருக்குப் போட்டா... எனக்குக் கஞ்சி வராதுங்க. அவ பேருக்கே போடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இத்தனை வருஷம் கூடவே துடுப்புப் போட்டாளே என்று ஒரு வார்த்தை வரவில்லை மனுஷனுக்கு. போய்த் தொலையட்டும், கஞ்சிக்காகவாவது வாயைத் திறந்தாரே. அனுமதி ஆராயி பேருக்கு மாறியது. அன்றைக்கு அவள் சிரிக்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

இனி இவள் வலை விட வேண்டும், துடுப்புக்கு ஆள் வேண்டுமே. "அக்கா, நீ வாரியா?" என்று என்னைக் கேட்டாள். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நானும் துடுப்புப் போட்டவள்தான். சரி என்றேன்.

சாயங்காலம் விட்ட வலையை விடிகாலையில் போய் எடுத்தோம். அடித்த காற்றில் பரிசலைப் பிடித்து நிறுத்துவதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிடும் போலாகிவிட்டது. கட்லாவும் ரோகுவுமாக ஒரு கூடை தேறியது. கரையில் சங்கத்து ஆள் குமரகுரு கூடையைத் தராசில் ஏற்றினான்.

"யாரு புடிச்சதுங்க?"

"நானுங்க. நாந்தான் புடிச்சேன்" என்றாள் ஆராயி. "எம் பேருல போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. துடுப்பைக் கீழே போட்டேன். "அப்ப நாளைக்கு நீ மட்டும் போய்ப் புடிச்சுட்டு வா சாமி."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. பிறகு குமரகுருவிடம் என்னைக் காட்டி, "ரெண்டு பேரு புடிச்சதுங்க. குஞ்சம்மா அக்கா பேரையும் போடுங்க" என்றாள்.

"துடுப்புப் போடறவங்க பேர எழுதற வழக்கமே இல்லீங்களே. சங்கத்துல கேட்டுட்டு வாங்க."

பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள். ஆராயி தராசிலிருந்து கூடையை இறக்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஈர மண்ணில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"நீயும் உக்காருக்கா" என்றாள். "இதுக்கும் ஒரு வருசம் ஆவும்."