காலைப் பார்த்துத் தலை வெட்டிய அய்யாக்கண்ணு

தம்போய் பக்கம் ஒரு மரப்பட்டறையில் ஏணிமேல் நின்று விளக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பலகை ஏற்ற வந்த லாரிக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "அண்ணே, சேதி தெரியுமா? கரண்டு சலூன் அய்யாக்கண்ணு காலையில போய்ச் சேர்ந்துட்டாரு. நாற்காலியில ஒக்காந்தபடியே உயிர் போயிருச்சாம்" என்றார். பிடித்திருந்த ஒயரை முறுக்கி, நாடா சுற்றி, வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். கண்ணீர் வரவில்லை. வந்தது என்று எழுதினால் அவரைத் தெரிந்த நீங்கள் சிரிப்பீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள்.

சாவு வீட்டில் நம் வாசகசாலைச் செயலாளர் சதாசிவம் என்னைத் தனியே அழைத்தார். "பதினாறாம் நாள் இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம். அவரப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா நல்லாயிருக்கும்" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அய்யாக்கண்ணுவின் கைகள் எப்போதும் சோப்பு வாசனையோடு சுத்தமாக இருக்கும். இது ஒன்று. மற்ற மூன்றைத் தேடிப் பத்து நாள் அலைந்தேன். கிடைத்தது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜொகூர் பாருவுக்கு முதன்முதலில் மின்சார முடிவெட்டும் மெஷினைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று கூட்டத்தில் பலர் பேசப் போகிறீர்கள். கொண்டுவந்தது உண்மை. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். சிங்கப்பூரில் வெள்ளைக்காரர்களுக்கு முடி வெட்டிய ஒரு கடையை மூடினார்கள். அங்கிருந்து வாங்கி வந்தார். வந்த அன்றே தாம்பாளத்தில் வைத்துக் கற்பூரம் காட்டி, சந்தனம் பூசி, குங்குமத்தை அள்ளி அதன் பல்லிலேயே வைத்தார். முதல் தலை ஒரு துணிக்கடைக்காரருடையது. மெஷின் ஓடியதும் குங்குமம் தெறித்து அவர் கழுத்தெல்லாம் சிவந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்தவர் துண்டோடு தெருவுக்கு ஓடிவிட்டார். அய்யாக்கண்ணு அசரவில்லை. "புது மிசின்னா கொஞ்சம் ரத்தக்காவு கேக்கும்லா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வித்தை தெரியாதவனுக்கு வாய்தான் மூலதனம். அது அவரிடம் ஏராளமாக இருந்தது.

கரண்டு நின்ற கதையும் உங்களுக்குத் தெரியும். கோர்ட்டில் எழுத்து வேலை பார்த்த ஒரு கிராணிக்கு இடப்பக்கம் வெட்டி முடித்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. கடையில் இன்னொருவர் இருந்தார், மாணிக்கம். ஐம்பது வயது, கத்திரியில் கைதேர்ந்தவர். உச்சி முடியைக் கத்திரியால் சரிசெய்வது மட்டுமே அவருக்கு விட்டுவைத்த வேலை. "நான் முடிச்சு வுடுறேன்" என்று அவர் கத்திரியோடு எழுந்தார். அய்யாக்கண்ணு குறுக்கே கையை நீட்டினார். "மிசின் தொட்ட தலைய மிசின்தான் முடிக்கணும்" என்றார். பாவம் அந்தக் கிராணி, பாதித் தலையோடு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். வாசலில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

இப்போது அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பல்தகடுகள். மேல்தகடு ஆடும், கீழ்த்தகடு தலையை ஒட்டி நிற்கும். பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு நெம்புகோல். அதைத் தள்ளினால் 'டக்' என்ற சத்தத்தோடு கீழ்த்தகடு சற்று நகரும். இரண்டு விளிம்பும் நெருங்கி நின்றால் முடி ஒட்ட வெட்டுப்படும். விலகி நின்றால் கொஞ்சம் நீளமாக நிற்கும். வித்தியாசம் ஒரு நெல்மணியின் கனம் இருந்தாலே அதிகம். செய்தவன் எதற்காகச் செய்தானோ, அய்யாக்கண்ணு அந்த நெம்புகோலின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்டால் மூன்று கோடு போட்டார். முதல் கோடு லைன், இரண்டாவது ஆபீஸ், மூன்றாவது பங்களா. லைன் வீட்டுக் கூலிக்கு ஒட்ட வெட்டு, ஆபீஸ் கிராணிக்கு நடுத்தரம், பங்களாவில் இருக்கத் தகுந்தவனுக்கு நீளம்.

எவ்வளவு நீளம் வேண்டும் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய்க் குனிந்து காலைப் பார்ப்பார். வெறுங்கால் என்றால் ஒரு 'டக்'. செருப்பு என்றால் இரண்டு. காலை மூடிய தோல் சப்பாத்து என்றால் மூன்று. "காலப் பாத்துத் தலைய வெட்டணும். மிசின் பொய் சொல்லாது" என்பார். இதைத்தான் அவருடைய பொன்மொழி என்று கூட்டத்தில் யாராவது சொல்வீர்கள். நீங்களும் லேசுப்பட்டவர்களா? பக்கத்துத் தையல்காரர் கடையில் ஒரு ஜோடி பழைய சப்பாத்து தொங்கியது நினைவிருக்கிறதா? முடிவெட்டப் போகிறவர்கள் அதை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, காலைக் கடித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்காருவார்கள். அதே சப்பாத்தில் அடுத்தவர் போவார். வெளியே வந்து பிடரியைத் தடவி, "பங்களா" என்று நண்பனிடம் காட்டுவார்கள். வெட்கம் கெட்ட ஊர்.

என் கதைக்கு வருகிறேன். மெஷின் வந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி வேலை காலி என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருந்தேன். நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எங்கள் தோட்டத்தில் வேலைப் பட்டியலிலிருந்து அப்பாவின் பெயரை அப்போதே வெட்டிவிட்டார்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கப்பல் பட்டியலில் அவரும் அம்மாவும் இருந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தால், என் வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லி அவர்களை நிறுத்திவிடலாம். கிடைக்காவிட்டால் கப்பல்தான்.

மழைக்காலம். தோட்டத்திலிருந்து பட்டணம் வரை செம்மண் சேறு. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் இரவல் வாங்கிய சப்பாத்தைச் சேற்றில் போட மனம் வருமா? தோட்டத்து ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல, அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். சலூனில் பொட்டலத்தை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அய்யாக்கண்ணு பின்னால் போனார், குனிந்தார், பார்த்தார். ஒரே ஒரு 'டக்'.

"ஐயா, நான் நாளைக்குக் கிராணி வேலைக்குப் போறேங்க. சப்பாத்து மடியில இருக்கு" என்றேன்.

"மடியில இருந்தா ஆவாது தம்பி, கால்ல இருக்கணும்" என்றார். "வேல கெடைக்கட்டும். வா, மேல ஏத்தி வுடுறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின் அதே நாற்காலியில் தாமோதரன் என்பவன் உட்கார்ந்தான். அவனும் அதே வேலைக்குத்தான் போகிறவன். காலில் பளபளவென்று சப்பாத்து. மூன்று 'டக்'.

இருவரும் ஒரே பஸ்ஸில் யோங் பெங் போனோம். வழியெல்லாம் என் கை பிடரியிலேயே இருந்தது. மறுநாள் துரையின் முன்னால் நின்றபோதும் கை அங்கேதான். அவர் கணக்குக் கேட்டார், பதில் சொன்னேன்; கை இறங்கவில்லை. எங்கே என் லைன் பிடரியைப் பார்த்துவிடுவாரோ என்ற பயம். துரை தோட்டத்துத் தமிழில், "கை ஏன் அங்கே? நோவா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, "கொஞ்சம் தலவலிங்க" என்றேன். பக்கத்தில் நின்ற பெரிய கிராணி இரண்டடி பின்வாங்கினார். "போன மாசந்தான் ஒரு கிராணி காச்சல்ல போனாரு. இன்னொரு காச்சக்காரன் வேணாங்க தொரே" என்றார். அதோடு முடிந்தது. வேலை தாமோதரனுக்கு. அப்பாவும் அம்மாவும் கப்பல் ஏறினார்கள். அங்கே போய் ஒரு வருடத்துக்குள் அப்பா இறந்த செய்தி தபாலில் வந்தது. அம்மாவை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

அன்றுமுதல் அய்யாக்கண்ணுவை வெறுத்தேன். அவர் பிணத்தின் முன் நின்றபோதும் வெறுத்தேன். ஆனாலும் இடையில் ஒயரிங் வேலை கற்றுக்கொண்டு, சொந்தச் சப்பாத்து வாங்கியதும் நான் முதலில் நடந்து போனது அவர் கடைக்குத்தான். காலை நீட்டி உட்கார்ந்து, "பங்களா" என்றேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அல்லது கண்டுகொண்டதாகக் காட்டவில்லை. மூன்று 'டக்'. வெளியே வந்து உள்ளங்கையால் பிடரியைத் தடவிப் பார்த்தேன். அந்த நீளம் கைக்கு நன்றாகத் தெரிந்தது. ஏழு ஆண்டுகள், மாதத்துக்கு ஒருமுறை, அப்படித் தடவிப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம், அவர் இறந்த பத்தாம் நாள், மாணிக்கம் அந்த மெஷினைத் துணியில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "கடையத் தொறக்கணும் தம்பி. சத்தம் ஒரு மாதிரி வருது. பாருங்க" என்றார். திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே ஒரு கம்பி தளர்ந்திருந்தது, சரிசெய்தேன். பிறகு ஆசையோடு அந்த நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தேன். 'டக்' என்றது. கீழ்த்தகடு நகரவில்லை. மறுபடி தள்ளினேன். டக், டக். தகடு வைத்த இடத்திலேயே இருந்தது. நெம்புகோலின் அடியில், தகட்டைப் பிடித்துத் தள்ள வேண்டிய சின்ன முளை இல்லை. உடைந்த இடம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது.

"மாணிக்கண்ணே, இது எப்ப ஒடஞ்சது?"

"அதுவா? மிசின் வந்து ரெண்டாவது மாசமே போச்சுலா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? கீழ போட்டதே அவருதான். ஒடஞ்சிருச்சுன்னு வெளிய சொன்னா மானம் போயிரும்னு என் வாயையும் கட்டிட்டாரு. அப்புறம் பாத்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. லைனுன்னா லைனுன்னு போனாங்க, பங்களான்னா பங்களான்னு போனாங்க. டக்குன்னு சத்தம் வந்தாப் போதும்."

அன்று அந்த நாற்காலியில் என் பிடரியும் தாமோதரன் பிடரியும் ஒரே நீளத்தில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. யோங் பெங்கில் துரையின் முன் நின்ற இரண்டு தலைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: அவன் கையைத் தொங்கவிட்டு நின்றான், நான் மறைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்த ஏழு ஆண்டுகள் நான் தடவிப் பார்த்து மகிழ்ந்த பங்களா, அதே லைன்.

மாணிக்கத்திடம், "முளை ஒண்ணு செஞ்சு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

மாணிக்கம் பயந்துபோய்க் கையை ஆட்டினார். "ஐயோ வேணாம் தம்பி. வச்சா நெசமாவே வித்தியாசம் வந்துரும்."

ஆகவே நண்பர்களே, அய்யாக்கண்ணு ஒரு மகான் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்று நினைத்து அவர் எதையும் செய்யவில்லை. உடைந்ததை ஒத்துக்கொள்ள முடியாத வீம்பு, ஆளை இளக்காரம் செய்வதில் ஒரு சுகம், அவ்வளவுதான். உடைந்த இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு ஊரையே தரம் பிரித்த அற்ப மனிதர் அவர். அந்தச் சத்தத்தைக் கேட்டே தரம் பிரிந்து நின்ற நாம் அவரைவிட அற்பர்கள். அதில் எனக்குத்தான் முதல் இடம். என் அப்பா கப்பல் ஏறியதற்கு இத்தனை நாள் அவர்மேல் பழி போட்டேன். இனி அதற்கும் வழியில்லை. இதற்காகவும் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சதாசிவம் கேட்ட நாலு நல்ல வார்த்தையில் என்னிடம் இருப்பது இரண்டுதான். அவர் கை சுத்தமாக இருந்தது. ஏழு வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் எல்லோர் தலையையும் ஒரே அளவில் வெட்டினார். மீதி இரண்டை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

மெஷினை மாணிக்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நெம்புகோலை மட்டும் கழற்றி நான் வைத்துக்கொண்டேன். மூன்று சிவப்புக் கோட்டையும் சேர்த்துத்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. கூட்டத்தில் இதைப் படிக்கும்போது யாருடைய கை பிடரிக்குப் போகிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். எழுதி முடிப்பதற்குள் என் கை இரண்டு முறை போய்விட்டது.