பொத்தான் இல்லாத மவுஸ்

அலுவலகத்தில் அவளைக் கத்தரி அக்கா என்பார்கள். கத்தரிக்கோல் எதையும் அவள் கையில் யாரும் பார்த்ததில்லை. கடைகளின் விலைப்பட்டியல் புத்தகங்களுக்காக எடுத்த புகைப்படங்களில் பொருளை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் மேசை, துணி, படம் எடுத்தவரின் நிழல் எல்லாவற்றையும் கணினியில் வெட்டி எறிவது அவள் வேலை. செருப்போ கைப்பையோ நாற்காலியோ, எது வந்தாலும் அதன் ஓரத்தில் புள்ளி புள்ளியாக மவுஸைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வரவேண்டும். ஒரு கரண்டிக்கு நாற்பது தடவை தட்டினால் போதும். கயிறு கட்டிய காலணி என்றால் நானூறைத் தாண்டும். பதினேழு வருடமாகத் தட்டுகிறாள். வலது ஆள்காட்டி விரலின் நுனி மற்ற விரல்களைவிடக் கொஞ்சம் தட்டையாகவே ஆகிவிட்டது.

மற்றவர்கள் மவுஸைத் தொடுவார்கள். அவள் ஆணி அடிப்பாள். ஹாலில் உட்கார்ந்திருந்த காலத்தில் அதுதான் வினையாகப் போயிற்று. ஹாலில் இருந்த மற்ற எட்டுப் பேருக்கும் போனில் வாடிக்கையாளர்களோடு பேசுவது வேலை. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் பேச்சின் நடுவே, “அங்க யாரு சார், பல்லாலயே கொட்டை உடைக்கிறது?” என்று கேட்டுவிட்டார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் அவளுடைய மேசை, நாற்காலி, கணினி மூன்றும் ஸ்டோர் ரூமுக்குப் போயின. அவளும் பின்னாலேயே போனாள்.

அது நடந்து ஒன்றரை வருடம். ஹாலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. உள்ளே ஜன்னல் கிடையாது. இரும்பு ரேக்குகளில் படம் எடுத்து முடித்த மாதிரிப் பொருட்கள் அடுக்கியிருக்கும். காலணிக் கம்பெனிகள் இடது காலை மட்டும்தான் அனுப்பும். ஜோடியாக அனுப்பினால் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். அதனால் அவளைச் சுற்றி எந்நேரமும் நூறு, நூற்றிருபது இடது கால்கள் எங்கேயோ கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தன.

காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் மாலை வரை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வேலை கணினி வழியே வரும், கணினி வழியே போகும். வீட்டிலும் அவள் ஒருத்திதான். வேறு ஊரில் இருக்கிற அக்கா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். சில நாட்கள் மாலையில் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குரல் கரகரக்கும். அன்றைக்கு அதுதான் முதல் பேச்சு என்பது அப்போதுதான் உறைக்கும்.

தினமும் அந்த அறைக்குள் வருகிற ஒரே ஆள் கடைக்குட்டி. கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெண் என்பதால் அந்தப் பெயர். பதினொன்றரைக்கு இடைவேளை விட்டதும் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே நுழைவாள். கத்தரி அக்காவைப் பார்த்து ஒரு அரைச் சிரிப்பு சிரித்துவிட்டுக் கடைசி ரேக்குக்குப் பின்னால் போய்த் தன் அம்மாவோடு பத்து நிமிடம் பேசுவாள். கத்தரி அக்கா திரும்பிப் பார்க்காமல் தட்டிக்கொண்டேயிருப்பாள். ஆனால் காது என்னவோ கடைசி ரேக்குக்குப் பின்னால்தான் இருக்கும்.

அந்தப் பேச்சிலிருந்துதான் ஹாலில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியவந்தது. அங்கே ஒரு அக்கா இருந்தாள். கடைக்குட்டி மழையில் நனைந்து வந்த அன்று தன் துண்டை எடுத்துத் தலை துவட்டிவிட்டாளாம். காய்ச்சலில் கிடந்தபோது தங்கியிருக்கிற அறைக்கே வந்து பார்த்தாளாம். “நான் சாப்பிடலன்னா அந்த அக்கா விடமாட்டாங்கம்மா. என் டப்பாவத் திறந்து பாத்துட்டுத்தான் அவங்க டப்பாவையே திறப்பாங்க” என்று ஒரு நாள் சொன்னபோது கத்தரி அக்காவின் விரல் தடுமாறி, ஒரு கைப்பையின் காது அறுந்துபோனது.

யார் அந்த அக்கா? ஹாலில் அந்த வயதில் இரண்டு பேர். ஒருத்தி எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். இன்னொருத்தி மூக்குக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடியாகத்தான் இருக்கவேண்டும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். மத்தியானம் தனியாக டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு டப்பாக்கள் ஒன்றாகத் திறப்பது அவள் மனக்கண்ணில் தெரியும்.

ஒரு புதன்கிழமை தண்ணீர் பிடிக்க ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒருவரையும் காணோம். எட்டு ஹெட்செட்டுகளும் மேசைமேல் கிடக்க, போன்கள் ஒன்று மாற்றி ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். தீ விபத்து ஒத்திகை என்று ஹால் சுவரில் ஒட்டியிருந்தது. ஸ்டோர் ரூமுக்கு வந்து யாரும் சொல்லவே இல்லை. கீழே எல்லோரும் வரிசையாக நிற்க, மேற்பார்வையாளர் விரல்விட்டு எண்ணினார். காகிதத்தில் ஏதோ எழுதினார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். கணக்கு அவருக்குச் சரியாக வந்துவிட்டது என்பது மூன்றாவது மாடியிலிருந்தே தெரிந்தது.

அன்று மாலையே அவரிடம் போய்க் கேட்டாள். ஒத்திகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி ஹாலில் உட்காரலாமா என்று மட்டும் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை.

“சத்தம் இல்லாம வேலை செய்ய முடிஞ்சா தாராளமா வாங்கக்கா. ஜன்னல் ஓரம் காலியாத்தான் இருக்கு.”

சனிக்கிழமை கணினிக் கடைக்குப் போனாள். விற்பனையாளர், கேம் ஆடுவதற்கா, ஆபீஸ் வேலைக்கா என்று கேட்டார்.

“செருப்பு வெட்டணும். சத்தமே வரக்கூடாது” என்றாள்.

அவர் மேலே எதுவும் கேட்காமல், சத்தம் குறைந்த பொத்தான்கள் வைத்த மவுஸ்களை எடுத்துப் பரப்பினார். அவள் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

“அது போன் இல்லம்மா” என்றார் அவர்.

எல்லாவற்றிலும் மெத்தையில் குத்துவதுபோல் ஒரு சின்ன ஓசை மிச்சம் இருந்தது. மற்றவர்கள் கையில் அது மிச்சம்; அவள் விரலுக்கு அது எப்படியும் ஆணியாகிவிடும். கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். பொத்தான் கிடையாது, உருளை கிடையாது. பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

“தொட்டா போதும்மா. அழுத்தவே வேணாம். நீங்க மனசுல நினைச்சாலே எடுத்துக்கும்.”

“நினைக்கிறதையெல்லாம் எடுத்துக்கிட்டா வம்பாச்சே” என்றாள்.

விற்பனையாளர் வாய்விட்டுச் சிரித்தார். தான் சொன்னதற்கு ஒருவர் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. உடனே கிளம்ப மனமில்லாமல், விடை தெரிந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவைத்தாள். அதே வகையில் பெரிதாக ஒன்று இருந்தது. அதைப் பிடித்தால் உள்ளங்கை நிறைந்து, விரல் நுனி எட்டாமல் போயிற்று. சின்னதே சரியாக இருந்தது. கடைக் கணினியில் ஒரு பூவின் படத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். இதழெல்லாம் கந்தலாகிவிட்டது. விரலை மவுஸ்மேல் போட்டுவைக்கிற பழக்கம் அவளுக்கு. சும்மா இருக்கிற விரலையும் அது தட்டியதாக எடுத்துக்கொண்டது.

“விரலத் தூக்கியே வச்சிருக்கணும். வேணுங்கறப்ப மட்டும் தொடணும். ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும்” என்றார் அவர். அதையே வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து அவளுடைய அக்கா போனில் பேசும்போது அவள் சாப்பாட்டு மேசையில் பழகிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்ட அக்கா, “பதினேழு வருஷமா ஒத்தை விரல நம்பிப் பொழைக்கிறே. இப்ப அதையும் தூக்கி வச்சுக்கோன்னா எப்படிடி?” என்றாள். ஆபீஸில் முதல் நாள் ஒரு காலணிக்குக் குதிகாலே இல்லாமல் போயிற்று. மூன்றாம் நாள் கயிறுகூட ஒழுங்காக வந்தது. ஸ்டோர் ரூமில் சத்தம் அடங்கியது.

ஆனால் கடைக்குட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது. திங்கட்கிழமை போனும் காதுமாக வந்தவள் கடைசி ரேக்குக்குப் பின்னால் போய்ப் பேசாமல் நின்றாள். பிறகு தலையை மட்டும் நீட்டி, “அக்கா, இருக்கீங்களா?” என்றாள். இருக்கேனே என்று கத்தரி அக்கா சொன்னதும், யாரோ கேட்டார்கள் என்று முணுமுணுத்தபடி ஒரு இடது செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை ஒரு பூட்ஸ் போயிற்று. வியாழன் அன்று வரவேயில்லை.

தான் ஹாலுக்கு வருவது கடைக்குட்டிக்குத் தெரிந்துவிட்டதுபோல, பிடிக்கவில்லை போல என்று கத்தரி அக்கா நினைத்துக்கொண்டாள். நினைப்பு உறுத்தினாலும் வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரை அழைத்து வந்து பின்னால் நிற்கவைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். கொஞ்ச நேரம் பொறுத்து, “ஆரம்பிங்கக்கா” என்றார். “முடிஞ்சே போச்சு” என்று திரையில் வெட்டி முடித்த கைப்பையைக் காட்டினாள்.

திங்கட்கிழமை அவளுடைய மேசை ஜன்னலோரம் வந்தது. சுவரில் ஒட்டியிருந்த ஒத்திகைப் பட்டியலில் ஒன்பதாவதாக அவள் பெயரும் ஏறியிருந்தது. அன்று அவள் டப்பாவும் வழக்கத்தைவிடப் பெரிது.

ஒரு மணிக்கு அவள் டப்பாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. போன் ஓயாததால் அவரவர் மேசையிலேயே, ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் தள்ளிவிட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடி சுவர்ப்பக்கம் திரும்பி நாலே நிமிடத்தில் முடித்துவிட்டாள். கடைக்குட்டி டப்பாவை மடியில் வைத்து ஏதோ கொறித்துவிட்டு, பாதியில் மூடி மேசைக்கடியில் தள்ளினாள். அங்கே மூன்று இடது கால்கள் ஏற்கெனவே கிடந்தன. இன்று போன் அதிகம் போல என்று கத்தரி அக்கா சமாதானம் செய்துகொண்டாள். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் இருந்தது. புதன்கிழமையும்.

யாரும் யாருடைய டப்பாவையும் திறந்து பார்க்கவில்லை. அப்படி ஒரு அக்கா அந்த ஹாலில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது புதன்கிழமை மத்தியானம் அவளுக்கு விளங்கியது. இந்த ஒன்றரை வருடமும் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தது தன் அறையைப் போலவே இன்னும் எட்டு அறைகள் என்று தோன்றியது. நடுவில் சுவர் எழுப்பவில்லை, அவ்வளவுதான்.

பதினொன்றரை ஆனதும் கடைக்குட்டி இப்போது போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். இரண்டே நிமிடத்தில் திரும்பிவந்தாள். வியாழக்கிழமை கத்தரி அக்கா தண்ணீர்ப் பாட்டிலோடு அந்தப் பக்கம் போனபோது, படியில் ஏறி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவள் பேசுவது கேட்டது. சாப்பிட்டேன்மா, ம், ம், அந்த அக்காவா, அப்புறம் சொல்றேன்மா என்று அவசரமாக வைத்துவிட்டாள். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

ஸ்டோர் ரூம் காலியாகத்தானே இருக்கிறது, அங்கே போய்ப் பேசலாமே என்றாள் கத்தரி அக்கா.

“அங்க இப்ப ரொம்ப அமைதியா இருக்குக்கா. பேசினா ஹால் வரைக்கும் கேக்குது. முன்னாடி நீங்க தட்டிட்டே இருப்பீங்களா, வெளிய யாருக்கும் கேக்காது. உங்க காதுலகூட விழாது.”

“ஆமா” என்றாள் கத்தரி அக்கா. “எதுவும் விழாது.”

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபத்தைந்துக்கு அவள் மேற்பார்வையாளரிடம் போய், ஸ்டோரில் ஒரு பத்து நிமிட வேலை இருக்கிறது, இனி தினமும் இந்த நேரத்துக்கு இருக்கும் என்று சொன்னாள். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கைப்பையில் பழைய மவுஸ் இருந்தது. கடைக்குட்டியின் மேசையைத் தாண்டும்போது குனிந்து, “அந்த மூணு செருப்பையும் இடைவேளைல கொண்டாந்து வச்சிடும்மா. கணக்குல இடிக்குது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்டோர் ரூமில் மேசை இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு காலி ஷூ பெட்டியை வைத்து, அதன்மேல் மவுஸை வைத்து, தட்ட ஆரம்பித்தாள். காலிப் பெட்டி என்பதால் சத்தம் முன்னைவிடக் கணீரென்று எழுந்தது. இரண்டு வாரமாகத் தூக்கியே வைத்திருந்த விரலுக்கு அது சுகமாக இருந்தது. திரை இல்லாததால், கண்ணெதிரே ரேக்கில் இருந்த ஒரு காலணியின் ஓரத்தைப் பார்வையாலேயே சுற்றி வந்தாள்.

கதவு திறந்தது. ஒரு கையில் மூன்று இடது கால்களும் மறு கையில் போனுமாகக் கடைக்குட்டி நின்றாள். சத்தம் கேட்டு அவள் முகம் தெளிந்தது. பிறகு பார்த்தாள். மேசை இல்லை. கணினி இல்லை. மவுஸின் வால் எதிலும் சேராமல் அட்டைப்பெட்டி ஓரமாகத் தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது.

கத்தரி அக்கா நிமிரவில்லை. குதிகாலைச் சுற்றிக்கொண்டு கயிற்றுக்கு வந்திருந்தாள். விரல் நிற்கவில்லை.

கடைக்குட்டி செருப்புகளை ஒவ்வொன்றாக ரேக்கில் வைத்தாள். கடைசி ரேக்குக்குப் பின்னால் போகவில்லை. முதல் ரேக்கிலேயே சாய்ந்து நின்றுகொண்டு எண்களை அழுத்தினாள்.

“ம்மா, நான்தான். ம், சாப்பிடுவேன். அந்த அக்காவா?” தட்டும் சத்தத்தைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்பதுபோல் குரலை உயர்த்தினாள். “இருக்காங்கம்மா. இங்கதான், என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க.”