பிரேக் பிடிக்கவில்லை

ரமணிக்கு விடுமுறை என்றாலே ஒவ்வாது என்று பள்ளிக்கூடக் கேன்டீனில் கேலி செய்வார்கள். விடியும் முன்பே எழுந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுவாள். மத்தியானம் வரை நின்றபடியே பிள்ளைகளுக்குப் பரிமாறுவாள். வீட்டுக்கு வந்தால் அங்கும் நிற்கிற வேலைதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கிள்ளானை விட்டு அவள் வெளியே போனதெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான்.

அப்படிப்பட்டவளிடம், "சனி ஞாயிறு போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போயிட்டு வருவோமா?" என்று புருஷன் சபாபதி கேட்டார். பாவம், அந்தச் சந்தோஷத்தில் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய்ப் பூப்போட்ட கவுன் ஒன்றுகூட வாங்கிவந்தாள்.

சபாபதியைக் கெட்டவர் என்று சொன்னால் எங்கள் கிள்ளானில் அடிக்க வருவார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுபவர். இத்தனை காலத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வேனிலும் சரி, காரிலும் சரி, முன்னால் முருகன் சிலை ஒட்டியிருப்பதால் செருப்புப் போட்டு ஓட்ட மாட்டார். நல்ல பக்திதான், யார் வேண்டாம் என்றது? கழற்றிய செருப்பைப் பின்னால் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கால்மாட்டிலேயே உதறிவிடுவார்.

"என்னங்க, அது நழுவி எங்கயாவது மாட்டிக்கும், எடுத்துப் பின்னாடி போடுங்க" என்று சொல்லிச் சொல்லி ரமணிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா நீ?" என்பார்.

புறப்படுவதற்கு முதல் நாள் ரமணியின் தம்பி லோகன் வந்து காரை எடுத்துப் போனான். தாமான் செந்தோசாவில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். அக்கா அதிசயமாக ஊர் சுற்றப் போகிறாளே என்று நாலு சக்கரத்தின் பிரேக்கையும் அக்கக்காகக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தான்.

போர்ட் டிக்சனில் அவர்கள் தங்க வேண்டிய விடுதியின் கார் நிறுத்துமிடம் சரிவாக இருந்தது. நம் ஆட்களுக்குத்தான் ஒரு வழக்கம் உண்டே. காரில் கேமரா இருந்தாலும், பின்னால் எடுக்கும்போது யாராவது ஒருவர் இறங்கி நின்று கையாட்டியே ஆகவேண்டும். ரமணி மதில் ஓரமாக நின்று கையாட்டினாள்.

"கொஸ்தான், கொஸ்தான்... பின்னால வாங்க, இன்னும் வாங்க... போதும்! போதுங்க!"

கார் நிற்கவில்லை. சரிவில் வேகமெடுத்து வந்து அவள் வலது காலை மதிலோடு வைத்து நசுக்கியது.

வலி வந்து சேர்வதற்குள் அவள் ஒன்றைப் பார்த்தாள். சபாபதி கதவைத் திறந்து, கால்மாட்டில் கையை விட்டுப் பிடுங்கி, மடங்கி நசுங்கிய ஒரு செருப்பை வெளியே வீசினார். பிறகு காரை முன்னால் நகர்த்தி ஒரே மிதியில் நிறுத்தினார். பிரேக் அருமையாகப் பிடித்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவளை மாற்றிக் கொண்டுவந்த பிறகுதான், போலீசிலும் சொந்தபந்தத்திலும் புருஷன் என்ன சொல்லிவைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. "பிரேக் பிடிக்கல." அவ்வளவுதான் சொன்னார். லோகன் பெயரை அவர் எடுக்கவே இல்லை. பிரேக்கைக் கடைசியாகத் தொட்டது யார் என்று ஊரே கேட்டு, ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது.

லோகன் வந்தான். நாலு நாள் தாடி. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்ததும் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

"நான்தான்கா உன் காலை எடுத்துட்டேன்."

ரமணி புருஷனைப் பார்த்தாள். சொல்லிவிடுவார், இப்போதாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். சபாபதி பிளாஸ்கிலிருந்து மைலோ ஊற்றிக்கொண்டிருந்தார். அட, ஒரு சொட்டாவது சிந்தக் கூடாதா அந்த மனுஷன்!

"உன் பிரேக்குல ஒண்ணுமே இல்ல லோகா" என்றாள். "அத்தானோட செருப்பு பிரேக்குக்கு அடியில மாட்டிக்கிச்சு. அவரு இழுத்து வீசினத நான் பாத்தேன்."

சபாபதி நிமிர்ந்தார். "மருந்து மயக்கம் மச்சான். காலையிலேருந்து என்னென்னமோ பேசுறா."

"மயக்கமும் இல்ல, மண்ணும் இல்ல! நீயே காரைப் பாருடா!"

"பாத்துட்டேன்கா. போலீஸ் விட்டதும் என் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இழுத்துட்டு வந்தேன். ரெண்டு தடவ கழட்டிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. பிழை எங்கன்னே தெரியாதவன் எதுக்குலா ஒர்க்‌ஷாப் வைக்கணும்? கடைய மூடப் போறேன், சாமானெல்லாம் எடுத்துக்கச் சொல்லி ஆளுக்குச் சொல்லிட்டேன்." லோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பா பெல்ட்டைத் தூக்கினாலே, நான்தான் உடைச்சேன்னு எனக்கு முன்னாடி வந்து நிப்பியே நீ. இதுக்குமாக்கா பொய் சொல்லுவ?"

"சத்தியமா லோகா, கேளுடா..."

அவன் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டான்.

சபாபதி திரையை இழுத்துவிட்டு அருகில் உட்கார்ந்தார். "விஷயம் தெரிஞ்சா எந்தத் தாய் தகப்பன் பிள்ளைய என் வேன்ல ஏத்துவாங்க, சொல்லு" என்றார் மெதுவாக. "அவன் சின்ன வயசு. வேற வேலை பாத்துக்குவான்லா."

கால் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட வாய் திறக்காத ரமணி, வார்டே அதிரும்படி கத்தினாள். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஆன்ட்டி, "பாவம், கால் வலிக்குது போல" என்று சொல்லி மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டாள்.