வண்டிப் பாட்டில் குழல் வரும் இடம்

போனில் பாட்டு கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை வராத நாள் குறைவு. "இதானே அவங்க பாட்டு? நல்லாத்தான் கீது" என்று யாராவது போனைக் காதருகே நீட்டினால் போதும், சுர்ரென்று ஏறிவிடும். அது பாட்டே இல்லை, பாட்டின் ஜெராக்ஸ். அந்தப் பாட்டு செட்டை நேரில் கேட்க வேண்டும். மேடைக்கு முன்னால் நிற்க வேண்டும். பம்பையில் விழுகிற அடி நம் நெஞ்செலும்பிலும் விழ வேண்டும். அதற்குப் பிறகு வந்து என்னிடம் பேசட்டும்.

எங்கள் ஆரணிப் பக்கத்தில் அவர்களைக் கிட்டார் செட்டு என்றுதான் சொல்வோம். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே வாசிக்கிறார்கள். நடவுப் பாட்டு, கூத்து மெட்டு, அவர்களே கட்டின பாட்டு, எல்லாவற்றையும் மின்சாரக் கிட்டாரோடும் டிரம்ஸோடும் வாசிப்பார்கள். பாடகருக்கு அறுபது தாண்டிவிட்டது. முதல் பாட்டில் தொண்டை கரகரக்கும், புதிதாகக் கேட்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். இருங்கடா, மூன்றாவது பாட்டு வரட்டும்! மூன்றாவது பாட்டில் அந்தத் தொண்டை திறந்தால், பின்வரிசையில் பஜ்ஜி தின்றுகொண்டிருப்பவன் கையிலேயே பஜ்ஜி ஆறிப்போகும்.

ஒரே பாட்டை அவர்கள் இரண்டு ஊரில் ஒரே மாதிரி வாசித்து நான் கேட்டதில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு சந்தவாசல் வரைக்கும் பின்னாலேயே போயிருக்கிறேன். அங்கே வயல் வேலைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டபோது, எங்கள் தெருவில் வாசிப்பதைவிட எல்லாப் பாட்டும் நிதானமாக வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கச்சேரி முடிந்ததும் கிட்டார் வாசிக்கிறவரைப் பிடித்து, "எங்க ஊருல மட்டும் ஏங்க ஓட்டறீங்க?" என்று கேட்டேன். அவர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "உங்க ஊருல மெதுவா வாசிச்சா எல்லாம் எழுந்து போயிடறாங்க சார். தறிக்காரங்களுக்குக் காலு நிக்காது."

உண்மைதான். எனக்கே நிற்காது. வீட்டுப் பின்கட்டில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். தறி ஓடும்போது அதோடு கால் ஆடும், தறி நின்றாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். என் சம்சாரம் என்னைச் சாப்பிட உட்கார வைப்பதற்குள் பேஜாராகிவிடுவாள்.

அந்த ஆட்கள் ஜனங்களின் காலைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்றால், சும்மாவா? ஒருமுறை பெரணமல்லூரில் பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. வேறு யாராவது என்றால் வேனில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். பாடகர் மேடையிலிருந்து குதித்து ஜனங்களுக்கு நடுவில் வந்து நின்றார். பம்பை பக்கத்தில் வந்தது, நாங்கள் கை தட்டினோம், பாட்டு நிற்கவே இல்லை. கரண்ட் திரும்பி வந்தபோது, ஏன்டா வந்தது என்றுதான் எல்லோருக்கும் இருந்தது. இதையெல்லாம் போனில் எப்படிப் பிடிப்பீர்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே வண்டிப் பாட்டு. போளூர்ச் சந்தையிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் வெறும் வண்டியோடு வீடு திரும்புகிறவனின் பாட்டு. பாட்டின் நடுவில் டிரம்ஸ், கிட்டார், பம்பை எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். சின்னக் குழல் மட்டும் தனியாகக் கிளம்பும். கீழேயிருந்து ஏறி ஏறி உச்சியில் போய் நின்று, அங்கேயே கொஞ்ச நேரம் நடுங்கும். அந்த இடத்தில் நான் அழாமல் இருந்ததில்லை. வெட்கமென்ன, அழுவேன்.

சில மாதங்களுக்கு முன் சம்சாரம் என்னை வேலூரில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வீட்டில் டிவி சத்தத்தை நான் ஏற்றுகிறேன், அவள் குறைக்கிறாள், இதுவே எங்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது. காலிங் பெல் அடித்தால் நான் எழுந்திருப்பதில்லையாம். "பெல்லு கத்திகினே கீது, நீங்க பேப்பர் படிச்சிகினே கீறீங்க" என்பாள். எனக்குக் காது கேட்கிறது, அவள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள், இதுதான் என் கட்சி.

டாக்டர் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். நானும் தோன்றியபோதெல்லாம் அழுத்தினேன். வெளியே வந்ததும் பேப்பரில் ஒரு கோட்டைக் காட்டினார். கோடு போகப் போகக் கீழே இறங்கியிருந்தது.

"பவர்லூம் ஓட்டறவங்களுக்கு வர்றதுதாங்க. மெலிசா, உச்சியில வர்ற சத்தம்தான் முதல்ல போவும். மோளம், ஆம்பள குரல் எல்லாம் கேக்கும். அதனால காது போனதே உங்களுக்குத் தெரியாது. காதுக்கு மிஷின் மாட்டிக்குங்க. தறி ஓட்டறப்போ காதை அடைச்சுக்குங்க. அலட்சியமா இருந்தா மிச்சமும் போயிடும்."

எனக்கு வந்ததே கோபம்! பீப் பீப் என்று எந்த வீட்டில் யார் பேசுகிறார்கள்? அது கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கத்தினேன். சம்சாரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணமங்கலம் தாண்டியதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

"ஆடியில நம்ம தெருவுக்கு செட்டு வருது இல்ல? வண்டிப் பாட்டுல குழல் எனக்குக் கேட்டுச்சுன்னா, டாக்டரு, மிஷினு, ஒரு பேச்சு இருக்கக் கூடாது."

"கேக்கலன்னா?"

"மிஷின் மாட்டிக்கறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சரி என்று தலையாட்டினாள். சத்தியம் செய்திருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கோயில் கமிட்டிக்குள் தகராறு வந்து எங்கள் தெருவில் இரண்டு வருஷமாகத் திருவிழா நடக்கவில்லை. எனக்கும் வேலை, செட்டுக்குப் பின்னால் எந்த ஊருக்கும் போகவில்லை. இடையில் ஒருநாள் ஆசையை அடக்க முடியாமல், நான் திட்டுகிற அதே போனில் வண்டிப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். எல்லாம் நின்றது, குழல் கீழே கிளம்பியது, பாதியில் காணாமல் போனது. போன் லொடக்கு என்று திட்டி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் நேரில் கேட்க வேண்டும், நேரில் கேட்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்த ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். நேரில் கேட்டால் வந்துவிடும் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன். வராவிட்டால்? அந்த இடத்துக்கு மேல் யோசிக்கவே பயமாக இருந்தது.

திருவிழா அன்று காலையிலிருந்தே ஒரு வேலை ஓடவில்லை. தறியைப் போட்டேன், நிறுத்தினேன். மேடை கட்டுகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். ஸ்பீக்கர் பாக்ஸை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று மைக்செட்காரரிடம் பாடம் எடுத்தேன். அவர் மரியாதையாகத்தான், "நீங்க போய் கூழு குடிங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் கச்சேரி தொடங்கியது. முன்வரிசைக்குப் பின்னால் நாற்காலி பிடித்து வைத்திருந்தாள் சம்சாரம். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், வலப்பக்கம் போய் நின்றேன், இடப்பக்கம் வந்து நின்றேன். எங்கே நின்றால் குழல் நன்றாக வரும் என்பதுதான் கணக்கு. "குட்டி போட்ட பூனை மாதிரி இன்னாத்துக்கு அலைஞ்சிகினு கீறீங்க?" என்றாள். நான் மறுபடி வலப்பக்கம் போனேன்.

ஆனால் என்ன கச்சேரி! இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன், ஒரு நூல் தளரவில்லை. முதல் பாட்டில் அதே கரகரப்பு. மூன்றாவதில் தொண்டை திறந்தது. நாற்காலிகளெல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டன, தெருவே நின்றுகொண்டு கேட்டது. பம்பையும் டிரம்ஸும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு ஓடின. கிட்டார்காரர் கூத்தில் கட்டியங்காரன் வரும் மெட்டை வாசித்தபோது, எங்கள் தெருவில் கால் வலி என்று வெளியே வராத பெண்கள்கூட வாசற்படியில் நின்று ஆடினார்கள். எனக்கு எல்லாம் கேட்டது. ஒன்றுவிடாமல் கேட்டது. டாக்டராவது மண்ணாங்கட்டியாவது! அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவள் சிரித்தாள்.

வண்டிப் பாட்டு வந்தது.

பாடகர் பாடி முடிக்க, ஒரே நொடியில் எல்லாம் நின்றது. தெரு முழுக்க அமைதி. குழல் கிளம்பியது. எனக்குக் கேட்டது. கீழே இரண்டு சுற்று சுற்றி, ஏற ஆரம்பித்தது, இன்னும் ஏறியது, அப்புறம் தறியில் இழை அறுகிற மாதிரி பட்டென்று அறுந்துபோனது.

நான் ஒரு கணம் காத்திருந்தேன். வரவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே மேடையை நோக்கி ஓடினேன்.

"யோவ், மைக்கு! குழல் மைக்கு போச்சுயா! ஜல்தியா பாருய்யா!"

அந்த அமைதியில் என் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. மைக்செட்காரர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். மேடையில் குழல்காரரின் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் மறுபடி கத்தினேன். குழல்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பாடகர் எந்த இடைஞ்சலையும் கச்சேரிக்குள் இழுத்துக்கொள்ளத் தெரிந்தவர். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நம்ம ஆளாச்சே இவரு! குழல் கேக்கலன்றாரு. ஏம்பா, உங்களுக்குக் கேட்டுச்சா இல்லியா? எல்லாரும் சொல்லுங்க!"

"கேட்டுச்சு!" என்றது தெரு. குழந்தைகள், பெரியவர்கள், வாசற்படியில் நின்ற பெண்கள், எல்லோரும் சேர்ந்து. அது எனக்கு மிக நன்றாகக் கேட்டது.

என் முழங்கையை யாரோ பிடித்தார்கள். பின்னாலேயே ஓடி வந்திருந்தாள் அவள்.

"கேக்கலைங்க!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினாள். "எங்க ரெண்டு பேருக்கும் கேக்கல! அந்த வயரைக் கொஞ்சம் பாருங்க!"

யாரோ சிரித்தார்கள். அவள் லட்சியம் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணி அவர்கள் வீட்டில் என்ன சமையல் என்று சொல்கிறவள் அவள். சத்தியம் வாங்கினவளும் அவள்தான். கையில் வந்த ஜெயத்தை எனக்காகத் தெரு பார்க்கத் தூக்கிப் போட்டுவிட்டு, தனக்கும் கேட்கவில்லை என்று நிற்கிறாள். டாக்டரின் கோடு சொன்னதை நான் நம்பவில்லை. தெருவே கத்தியதைக்கூட எப்படியாவது மறுத்திருப்பேன். இவள் சொன்ன பொய்யை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. என் காது போய்விட்டது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது.

மைக்செட்காரர் நன்றாயிருந்த வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினார். குழல்காரர் எங்கள் இருவருக்காக முதலிலிருந்து வாசித்தார், வேறு எந்தச் செட்டில் இதைச் செய்வார்கள்? கீழே இரண்டு சுற்று. ஏற்றம். அப்புறம் ஒன்றுமில்லை. நான் மேடையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். கேட்கவில்லை என்று சொன்னதை அவளே மறந்துவிட்டாள். கண் மேடையில் இருக்க, தலை தன்னால் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பிறகு ஆடுவதை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழல் உச்சியில் நடுங்குகிறது என்று புரிந்தது. வழக்கம்போல் அழுதேன்.

"இப்போ கேக்குதாபா?" என்றார் பாடகர்.

அவள் திடுக்கிட்டு வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கேக்குதுங்க! பாட்டை எடுங்க!"

பம்பை விழுந்தது, கிட்டார் சேர்ந்தது. நான் அவள் காதருகே குனிந்து, நாளைக்கே வேலூர் போகலாம் என்றேன். அவள் என் கையை விடாமல், மேடையைப் பார்த்தபடியே, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.