பள்ளக்காணி முந்தி

கண்டியில் காலை ஐந்தரைக்குப் பேருந்தில் ஏறியபோது என் கைப்பையில் பதினான்கு பக்கப் பேச்சு ஒன்று இருந்தது. அதிர்ஷ்டம், மகிழ்ச்சி, துன்பம் பற்றிப் பண்டைக்காலத் தத்துவஞானி ஒருவர் நினைத்தவை. பெயரைச் சொன்னால் பாதிப்பேர் எழுந்துபோய்விடுவார்கள் என்பதால் இங்கேயும் சொல்லவில்லை. விதி தருவதெல்லாம் இரவல், அது திருப்பிக் கேட்டால் அறிவாளி கலங்கமாட்டான் என்பது அவர் கட்சி. முப்பது வருடம் அதைப் படிப்பித்தே என் தலை நரைத்தது.

யாழ்ப்பாணம் ஏறக்குறைய முந்நூற்றிருபது கிலோமீற்றர். பிற்பகல் இரண்டுக்கு இறங்கி, தொண்ணூறு ரூபாய் டிக்கட்டில் அச்சுவேலிக்கு இன்னொரு பேருந்து பிடித்தேன். மூன்றரைக்கு வாசிகசாலையில் நாற்பது கதிரைகள் ஒழுங்காகப் போட்டிருந்தன. ஆள் ஒருவரும் இல்லை.

என்னைப் பேச அழைத்த செயலாளர் சிவநேசன், முழங்கால்வரை செம்மண்ணோடு ஓடிவந்தார்.

“குறை நினையாதேங்கோ ரீச்சர். கிழக்கை இருட்டிக்கொண்டு வருது. வெங்காயம் முத்தி நிக்குது, மழை விழுந்தால் மண்ணுக்கையே அழுகிப்போடும். சனம் முழுக்கத் தோட்டத்திலை.”

“நானும் வருகிறேன்.”

“சீலையோடையோ?”

“வேறு எதோடு?”

நான்கு மணி. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குந்தியிருந்து வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்க மனமில்லாமல் ஒரு கத்தியை எடுத்து, கிண்டிப் போட்டவற்றின் தாளை, அந்த நீளப் பச்சை இலைகளையெல்லாம், வெட்டித் துப்புரவாக்கத் தொடங்கினேன்.

“ஐயோ ரீச்சர், தாளை வெட்டாதேங்கோ! அதைப் பிடிச்சுத்தானே கட்டித் தூக்கிறது!” என்று கத்தினார் காணிக்காரி பரமேஸ்வரி அக்கா. தாளோடு பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டால்தான் அடுத்த நடுகைவரை விதைக்குக் கிடக்குமாம். வெங்காயத்தில் என் படிப்பு சமையலறையைத் தாண்டவில்லை.

வேலிக்கு அப்பால் சிவநேசனின் காணி அப்படியே கிடந்தது. போன முறை விளைச்சலை மழையில் இழந்தவராம்.

“உங்களுடையதை எப்போது?” என்றேன்.

“பள்ளக்காணி முந்தி, மேடு பிந்தி. தண்ணி முதலிலை நிக்கிறது அக்காவின்ரை காணியிலைதானே. அது எங்கடை முறை.”

ஐந்தரைக்கு எல்லோரும் அவர் காணிக்கு மாறினோம். ஆறு மணிக்கு மழை கொட்டியது. அதற்குள் கால்பங்குதான் முடிந்திருந்தது.

இரவு அக்கா வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மழை விட்டிருந்தது. சிவநேசன் வரம்பில் தனியே இருந்தார். பாத்திகளில் தண்ணீர் நின்றது. கலங்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லகாலம், சொல்லவில்லை.

“நெஞ்சு பத்தி எரியுது ரீச்சர். நேற்று இஞ்சை துவங்கியிருந்தால் எல்லாம் கொட்டிலுக்கை இருந்திருக்கும்.” சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்தார். “அதுக்காக முறையை மாத்தேலுமே?”

என் தத்துவஞானி இரண்டு கேட்டார்: கலங்காதே, நேர்மையிலிருந்து பிசகாதே. முதலாவது வந்தால்தான் இரண்டாவது வரும் என்று நானும் நம்பியிருந்தேன். இந்த மனிதர் அழுதுகொண்டே பிசகாமல் நின்றார்.

பத்து மணிக்குப் பேச்சு நடந்தது, வாசிகசாலையில் அல்ல, பரமேஸ்வரி அக்காவின் கொட்டிலில். எல்லோரும் பிடி கட்டிக்கொண்டே கேட்டார்கள். கலங்கமாட்டான் என்று எழுதியிருந்த பக்கத்தை நான் வாசிக்கவில்லை. நடுவில் அக்கா எழும்பி, கட்டித் தூக்கியதில் ஒரு பக்கத்தைக் கை காட்டினார்.

“தம்பி சிவநேசன், உந்த வரிசை முழுக்க உனக்கு. அடுத்த நடுகைக்கு விதை தேடித் திரியாதை.”

“ஓம் அக்கா” என்றார் அவர். மிச்சப் பக்கங்களை மடித்துப் பைக்குள் வைத்தேன், பேச்சு அத்தோடு முடிந்தது.

புறப்படும்போது எனக்கும் ஒரு பிடி கட்டித் தந்தார்கள். பேசப் போனவளை இருத்தி வைத்துக் கற்பித்து அனுப்பிய அந்தச் சனத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

அந்தப் பிடி இப்போது கண்டியில் என் சமையலறையில் தொங்குகிறது. எங்கள் வீடு மேட்டில். தெருவின் பள்ளத்தில் ஒரு வீடு, மழைக்கு வாசலில் தண்ணீர் ஏறும். பதினொரு வருடமாக அதை ஜன்னலால் பார்த்து, பாவம் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று மழை பிடித்தது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய் அவர்களின் கதவைத் தட்டினேன்.